நான் அடிக்காத மணி

இப்போதெல்லாம் வண்டியை ரோட்டோரம் நிறுத்தி ஊதச் சொல்கிறார்கள். நல்ல காரியம். ஐம்பதுகளிலும் குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்று சட்டம் இருந்தது. மோந்து பார்க்கத்தான் ஆளில்லை.

அப்போது நான் கொல்லங்கோடு – சித்தூர் பஸ்ஸில் கண்டக்டர். கொல்லங்கோடு சென்னை ராஜ்யத்தில் இருந்ததால் அங்கே மதுவிலக்கு. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரோ திருவாங்கூர்-கொச்சி ராஜ்யம், கள்ளுக்கடை தாராளமாகத் திறந்திருக்கும். அங்கே வண்டியை நிறுத்தியதும் எங்கள் டிரைவர் நேரே கடைக்குப் போய்விடுவார். இன்ஜின் பக்கத்திலேயே உட்காருகிறவருக்கு உடம்புச்சூடு தணியக் கள்ளு வேண்டும் என்பது எங்கள் லைனில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. மோர் குடிப்பது மாதிரிதான், அதைக் குடி என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் நம்பினேன், ஒருநாள் காலை வண்டி வாய்க்கால் கரையில் சரிந்து ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும் வரைக்கும்.

யாருக்கும் அடிபடவில்லை. பிரேக் சரியில்லை என்றார் டிரைவர். பயணிகளும் தலையாட்டினார்கள். பிரேக் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் சித்தூரில் அவர் கள்ளுக்கடையிலிருந்து வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்டக்டர் மணியடிக்காமல் வண்டி நகரக்கூடாது. நான் மணிக்கயிற்றைத் தொடவில்லை.

"ஏன்டா தம்பி, மணிய அடி."

"இல்லீங்கண்ணா. மொதல்ல போதை எறங்கட்டுங்க."

"கள்ளுக்கு ஏதுடா போதை? நேத்து வந்த பய, எனக்குப் பாடம் சொல்றயா?"

சந்தைக்குப் போகிறவர்கள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நான் அசையவில்லை. அந்த நடை வண்டி போகவே இல்லை. சாயங்காலம் முதலாளி என் சீட்டைக் கிழித்தார். வருத்தம் இருந்தது, ஆனால் செய்தது சரியா என்ற சந்தேகம் மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஒரு வாரம் கழித்து, வேலையில்லாமல் கொல்லங்கோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அந்த டிரைவர் மாசமாக இருந்த தன் மகளைப் பொள்ளாச்சி வண்டியில் ஏற்றிவிட வந்தார். திருச்சூரிலிருந்து வந்த பஸ், அங்கேயும் கள்ளுக்கடை உண்டு. மகளை நிறுத்திவிட்டு, அந்த வண்டி டிரைவரின் ஜன்னலருகே போனார்.

"ஏனுங்க, கொஞ்சம் வாய ஊதுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஊதினார். இவர் சிரிக்கவில்லை. திரும்பி வந்து மகள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"இது வேண்டாங் கண்ணு. அடுத்த வண்டிக்குப் போலாம்."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். பையின் காதை முறுக்கிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"நாளைக்கு வண்டிக்கு வந்துரு தம்பி. மொதலாளிகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்."