சிவப்பு அட்டைப் புத்தகமும் இரண்டு துணித் துண்டுகளும்

இன்று காலை என் மகள், வண்டி துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் பையைக் கிளறி, துணியை நீளவாக்கில் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்புக்காரியின் கையில் கத்தரிக்கோலைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. பிடுங்கி வைத்துவிட்டு எதற்கென்று கேட்டேன்.

"புக்குல அடையாளம் வெக்கறதுக்கும்மா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு நிலாவுக்கு."

நிலா அவளுடைய வகுப்புத் தோழி. துண்டுகளை வாங்கிப் பார்த்தேன், ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. பனியன் துணியை வெட்டினால் ஓரம் சும்மா இருக்காது, தானாகச் சுருண்டு கயிறுபோல ஆகிவிடும். மஞ்சள் துண்டு என் விரலிலேயே சுருண்டுகொண்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

நீங்கள் திருப்பூருக்கு வந்திருந்தால் தெரியும், இங்கே எதைத் துடைப்பதற்கும் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் இந்த வேஸ்ட் துணிதான். எங்கள் நூலகத்து மேசைகளையும் அதைக் கொண்டுதான் துடைப்பார்கள். அதனால் நூலக வாசனை என்றாலே எனக்குப் பழைய தாளோடு கொஞ்சம் தையல் மிஷின் எண்ணெயும் சேர்ந்து வரும். நான் படித்த சட்டக் கல்லூரி வெளியூரில் இருந்தது. பரீட்சை விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் வீட்டில் படிக்க முடியாது. பக்கத்து வீட்டில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓடினால் எங்கள் சுவரும் சேர்ந்து ஓடும். அதனால் நானும் கோகிலாவும் நூலகத்துக்குப் போய்விடுவோம். கோகிலா என் தெருக்காரி, கல்லூரியிலும் என் பெஞ்சுதான்.

அங்கே சொத்து மாற்றுச் சட்டத்துக்குத் தமிழில் விளக்கம் எழுதிய தடித்த சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு பிரதி, வீட்டுக்குத் தர மாட்டார்கள். காலையில் கோகிலா, மதியத்துக்கு மேல் நான் என்று பங்கு போட்டுக்கொண்டோம். படித்த இடத்தில் ஆளுக்கொரு துணித் துண்டு வைப்போம். என்னுடையது மஞ்சள். அவளுடையது நீலத்தில் வெள்ளைக் கோடு, அவள் அண்ணனின் பனியன் யூனிட்டில் தைத்த குழந்தைகள் டீ-ஷர்ட்டின் மிச்சம். கைமாற்றும் நேரத்தில் இருவரும் வாசல் மரத்தடியில் உட்கார்ந்து, படித்ததை ஒருத்திக்கொருத்தி கதையாகச் சொல்வோம்.

"ஏம்புள்ள, நீ படிக்கறியா, தேர் இழுக்கறியா? எப்பப் பார்த்தாலும் உன்ற மஞ்சத்துணி அதே பக்கத்துல நிக்குது" என்பாள்.

உண்மைதான். நான் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு, சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று திரும்பவும் படிக்கிற ஜாதி. இப்போதும் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவள்தானே.

அந்த வருடம் பயப்படக் காரணமும் இருந்தது. கடைசி வருடம். அப்பா தீர்மானமாகச் சொல்லியிருந்தார்: "எல்லாத்துலயும் பாஸாயிட்டீன்னா கோட்டுப் போட்டுட்டுக் கோர்ட்டுக்குப் போ கண்ணு, நான் குறுக்க நிக்கல. ஒண்ணுல அரியர் வெச்சாலும் வந்திருக்கற எடத்தைப் பேசி முடிச்சர்லாம்." இதை நான் கோகிலாவிடம் மட்டும்தான் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீயில்லாம நான் மட்டும் கோர்ட்டுக்குப் போவனா? ரெண்டு பேரும் ஒரே டெய்லர்கிட்டக் கோட்டு தெக்கக் குடுக்கலாம்புள்ள."

பரீட்சை நெருங்கிய சமயத்தில், ஒரு மதியம் போனபோது அலமாரியில் புத்தகம் இருந்த இடம் காலியாக இருந்தது. கோகிலா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"காத்தால இருந்தே காணம்புள்ள. எந்தப் பாவியோ தூக்கீட்டுப் போயிட்டானாட்ட இருக்குது. அவன் கைய முறிக்கோணும்."

அவள் முகம் அப்படி வாடியிருந்தது. நான்தான் அவளைத் தேற்றி, கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். ஐஸ் வேண்டாம், பரீட்சை நேரத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று வேறு கடைக்காரரிடம் சொன்னேன்.

பரீட்சையில் பாதிக் கேள்விகள் புத்தகத்தின் பின்பாதியிலிருந்து வந்தன. நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோகிலா கூடுதல் தாள் கேட்டுக் கையை உயர்த்தியபடியே இருந்தாள். அவளுக்காவது நன்றாக வந்திருக்கிறதே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

முடிவு வந்தது. அவள் எல்லாவற்றிலும் தேறினாள். எனக்கு அந்த ஒன்றில் மட்டும் அரியர். வீட்டில் ஜாதகத்தை எடுத்துவிட்டார்கள். அரியர் எழுதவாவது படிப்போம் என்று நூலகத்துக்குப் போனபோது, நூலகர் அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

"உங்க புக்கு கெடைச்சிருச்சுங்க! வெவசாய அலமாரில, தென்னை வளர்ப்புக்குப் பின்னால இருந்துச்சுங்க. யாரு வெச்சாங்கன்னே தெரியல."

பிரித்தேன். என் மஞ்சள் துண்டு நடுப் பக்கத்திலேயே நின்றது. நீலத்தில் வெள்ளைக் கோடு, கடைசி அத்தியாயத்தில் இருந்தது. புத்தகம் காணாமல் போவதற்கு முந்தைய மதியம் அந்தத் துண்டும் நடுவில்தான் இருந்தது, என்னுடையதற்குச் சில பக்கங்கள் தள்ளி.

அந்தத் துணி ஊரெல்லாம் கிடந்திருக்கலாம், வேறு யாராவது வைத்திருக்கலாம் என்று எத்தனையோ முறை அவளுக்காக நானே வாதாடிப் பார்த்துவிட்டேன். சாட்சியச் சட்டத்தில் அவளைவிட எனக்கு மதிப்பெண் அதிகம். என் வாதம் எனக்கே நிற்கவில்லை.

பெண் பார்க்க வந்தபோது மாமியார், "படிக்கறதுன்னா படிச்சுக்கட்டுமுங்க, நாங்க வேண்டாம்னா சொல்றோம்?" என்றார். அரியர் பரீட்சை வளைகாப்பு நாளில் வந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் போ என்றும் சொல்லவில்லை. நான் வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் கோகிலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கணவரின் யூனிட் கட்டடத்துக்குக் குத்தகைப் பத்திரம் எழுத, வக்கீலாக. காபி கொடுத்துவிட்டு, தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு கேட்டேன்: "லைப்ரரில நம்ம சொத்துச் சட்டப் புக்கு காணாமப் போச்சே, ஞாபகம் இருக்குதா?"

"எந்தப் புக்கு?" நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நாம எங்க படிச்சோம்? மரத்தடியில உக்காந்து கதை பேசினதுதான் ஞாபகம் வருது. நல்லவேளை நீ தப்பிச்ச புள்ள. கோர்ட்டுல நின்னு நின்னு எனக்குக் குதிகாலே போச்சு."

நடிப்பாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

அந்தப் பழைய நூலகமும் இப்போது இல்லை. புதுக் கட்டடத்தில் வேலைத் தேர்வு கைடுகளும் கம்ப்யூட்டர்களும் வரிசையாக இருக்கின்றன. மேசையைத் துடைக்கத் தனியாக ஏதோ வாங்குகிறார்கள். சிவப்பு அட்டைப் புத்தகத்தைக் கேட்டேன், கழித்துக் கட்டியவற்றோடு போயிருக்கும் என்றார்கள். மரத்தையும் வெட்டிவிட்டார்கள். புத்தகம் இல்லை, துண்டுகள் இல்லை. செய்தவளிடம்கூட அந்த ஞாபகம் இல்லை. என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

பாலைத் துடைத்துவிட்டு வந்தேன். மகள் மஞ்சள் துண்டைப் பையில் போட்டு மாட்டிக்கொண்டு, மறுபடி கையை நீட்டினாள். "நிலாவோடதைக் குடும்மா."

"ரெண்டையும் நீயே வெச்சுக்கோ" என்றேன்.

"ஏம்மா? அவ என் ஃப்ரெண்டும்மா."

தெருமுனையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. பச்சைத் துண்டை அவள் கையில் வைத்தேன். வேன் தெருமுனை திரும்பும்வரை, தன் மஞ்சளோடு அதையும் பைக்குள் போட்டுக்கொள்கிறாளா, நிலாவுக்கென்று கையிலேயே வைத்திருக்கிறாளா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.