ஆறாவது மாடி கிளியர்

சிறுசேரியில் நான் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த கம்பெனியில், வரவேற்பறைச் சுவரில் என் போட்டோ ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. வீல்சேர் வீராங்கனைகளுக்கான குண்டு எறிதலில் மாநிலப் பதக்கம் வாங்கியபோது எடுத்தது. கீழே 'முடியாதது எதுவுமில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம். புதிதாகச் சேருபவர்களை அதன் முன்னால் நிறுத்தி ஹெச்.ஆர். ஆட்கள் உருகுவார்கள். அதே கட்டடத்தின் ஆறாவது மாடியில்தான், எரிந்தால் எரியட்டும் என்று என்னை விட்டுப் போனார்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரியும். இருக்கட்டும்.

முதல் டிரில்

ஃபயர் டிரில் என்றால் லிஃப்ட்டை நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் படியில் இறங்கி வெளியே நிற்க வேண்டும். எல்லா மாடியும் காலி என்று உறுதியான பிறகுதான் எல்லோரையும் மறுபடி உள்ளே விடுவார்கள். அன்று அலாரம் அடித்ததும் அட்மின் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"உங்களுக்கு இதெல்லாம் வேணாம் மேடம். நீங்க ரிலாக்ஸா உட்காருங்க."

ஏதோ சலுகை கொடுத்தவர் மாதிரி சிரித்தார். துணைக்கு செக்யூரிட்டி அண்ணனை நிறுத்திவிட்டுப் போனார். சற்று நேரத்தில் அண்ணனின் வாக்கி டாக்கியில், "ஆறாவது மாடி கிளியர்" என்று குரல் வந்தது. கோவளத்துக்காரரான அவருக்கே பொறுக்கவில்லை.

"இன்னா மேடம் இது, நாம ரெண்டு பேரு இங்க கீறோமே. நெஜமா தீ புடிச்சா உங்கள யாரு தூக்கினு போறது?"

படியில் ஆளை உட்காரவைத்து இறக்குவதற்கென்றே நாற்காலி இருக்கிறது, வாங்குங்கள் என்று மெயில் போட்டேன். பட்ஜெட் வரட்டும், பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த வாரமே ஏதோ ஒரு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்கு மட்டும் பட்ஜெட் இருந்தது.

இரண்டாவது டிரில்

வீல்சேரை விட்டு இறங்கிப் படியில் உட்கார்ந்தேன். கையை ஊன்றி ஊன்றி ஒவ்வொரு படியாக நகர்ந்து ஆறு மாடியும் இறங்கினேன். சுடிதார் கிழிந்தது. உள்ளங்கை உரிந்தது. இதைப் பார்த்தாவது வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன்.

கைதட்டினார்கள். செல்போனில் படம் பிடித்தார்கள். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண், "செம இன்ஸ்பிரேஷன்க்கா" என்று கண் கலங்கினாள். சாயந்திரத்துக்குள் பாட்டெல்லாம் சேர்த்துக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் வீடியோ போட்டுவிட்டார்கள். மறுநாள் மேனேஜரிடம் நாற்காலியைப் பற்றி மறுபடி கேட்டேன்.

"நீங்களேதான் இறங்கிட்டீங்களே மேடம். அப்புறம் அது எதுக்கு?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. ராத்திரி முடிச்சூர் வீட்டில் ஆத்திரத்தில் அழுதேன்.

மூன்றாவது டிரில்

நான் அசையவில்லை. அந்த முறை எங்கள் மாடி காலியா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, முன்பு கண் கலங்கிய அதே பெண்ணுக்கு.

"அக்கா, நான் கீழ என்ன சொல்லட்டும்?"

"இருக்கிறதச் சொல்லு."

அவள் வாக்கி டாக்கியை எடுத்து, "சிக்ஸ்த் ஃப்ளோர் கிளியர் இல்ல சார். அக்கா இருக்காங்க. நானும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெளியே மே மாத வெயில். அன்றைக்கென்று வந்திருந்த கிளையன்ட் முதல் கேன்டீன் ஆட்கள் வரை ஒருவரும் உள்ளே வர முடியாது. மேனேஜர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"மேடம், அத்தன பேரும் வெயில்ல நிக்கிறாங்க."

"நான் தீயில உட்கார்ந்திருப்பேன் சார்" என்றேன்.

அடுத்த மாதமே நாற்காலி வந்தது. பட்ஜெட் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

வேலைக்குச் சேரும் பிள்ளைகளே, உங்களைப் பார்த்து யாராவது இன்ஸ்பிரேஷன் என்றால் நன்றி சொல்லுங்கள். கையோடு, தீப்பிடித்தால் என்னை எப்படி இறக்குவீர்கள் என்றும் கேளுங்கள்.

அந்த நாற்காலியில் என்னை முதன்முதலாக இறக்கிய அன்று ஒருவரும் கைதட்டவில்லை. கிளியர் சொன்னதும் எல்லோரும் அவரவர் பாட்டுக்கு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அந்தக் கம்பெனியில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.