மிளகு மருந்து பூசிய கால்

எங்கள் அப்பா மலைமேல் பெரக்கரை நாட்டு ஊர் ஒன்றில் பிறந்தார். மிளகும் குச்சிக்கிழங்கும் விளைந்த அதே காட்டில் கடைசி வரை பாடுபட்டார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். பொய் சொல்ல மாட்டார். பிடிவாதத்தில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை.

கடைசி ஏழு ஆண்டுகள் அவர் இடது காலில் ஆறாத புண் இருந்தது. காட்டு வேலையில் கட்டு நனையாமலிருக்க, உரமூட்டையின் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்வார். உள்ளே வேர்த்துப் புழுங்கி, புண்ணைச் சுற்றிய தோல் வெளுத்து அரித்தது. செம்மேட்டு டாக்டர் தோலைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பூஞ்சை என்றார். அப்பாவுக்கு அது விளங்கவில்லை. விளங்க வைப்பதாக நினைத்து நான்தான் சொன்னேன்: "நம்ம மொளகுக் கொடிக்கு வருதுல்லீங்கப்பா, அதாட்டந்தானுங்க."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கொடி நோய்க்கு என்ன மருந்து என்று அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டர் தந்த களிம்பை அப்படியே வைத்துவிட்டு, கொடிக்கு அடிக்கும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் காலில் பூசிக்கொண்டார். மூன்றாம் நாள் தோல் வெந்து உரிந்தது. நான் அழுதேன்.

"கொடியே பொழைக்குது கண்ணு, தோலு பொழைக்காதா?" என்று என்னையே கேட்டார்.

மலையிறங்கிப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். அப்பா எங்களிடம் வேறெதுவும் கேட்டதில்லை, அன்று இதைக் கேட்டார்: "ரெண்டு காலோட என்னை அனுப்பி உடுங்க, சாமி."

காலை எடுக்காமலே வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அதன் பிறகு எங்கள் ஊர்ச் செவிலியர் அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கே வந்தார். முதல் வேலையாகப் பிளாஸ்டிக் தாளை அடுப்பில் போட்டார். கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் ஒற்றி, புண்ணைச் சுற்றிக் களிம்பு தடவி, துணிக்கட்டுப் போட எனக்குப் பழக்கினார். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மாதங்கள் போக, அரிப்பு நின்றது, தோல் தேறியது. புண் சுருங்கியதே தவிர மூடவில்லை.

சென்ற ஆண்டு மாரடைப்பில் அப்பா போய்விட்டார். குளிப்பாட்டும் முன் கட்டை அவிழ்த்தவள் நான்தான். புண் இருந்தது, சுற்றிலும் தோல் சுத்தமாக இருந்தது.

செம்மேட்டு டாக்டருக்கும், ரோட்டிலிருந்து காடு வரை பாடைக்குத் தோள்கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் நன்றி. செவிலியர் அக்காவுக்கு நன்றி என்ற சொல் போதாது. அப்பா கேட்டபடியே இரண்டு காலோடு அனுப்பிவைத்தோம், அக்கா.

— மூத்த மகள்