இரவல் ஒப்பாரி

வைக்கோலால் செய்த பிணம் அது. வெள்ளைத் துணி சுற்றி, நீலகிரியில் எங்கள் ஓவேலித் தேயிலைச் சரிவில் ஒரு மரத்தடியில் கிடத்தியிருந்தார்கள். இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அதைப் படமெடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர்கள் எங்கள் மலையை வன்னி ஆக்கிவிட்டார்கள். வன்னியில் தேயிலை ஏது என்று கேட்க ஆளில்லை. சட்டை கசங்காமல் சண்டை போடக் கதாநாயகன் இருந்தான். அழுவதற்கு நாங்கள். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பெண்களாகப் பார்த்து, காசு பேசி அழைத்திருந்தார்கள்.

எங்களில் பக்கத்து வீட்டு அக்காதான் ஒப்பாரியில் கெட்டிக்காரர். எஸ்டேட்டில் எந்தச் சாவென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் இங்கே வந்தபோது ஒரே தங்கை அங்கேயே தங்கிவிட்டார். பிறகு வன்னிக்குக் குடிபோனார். சண்டை முற்றியதும் அவரிடமிருந்து போன் வருவது நின்றுபோயிருந்தது.

யாரோ இதை உதவி இயக்குநரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் பொம்மையைக் காட்டி, "உங்க தங்கச்சின்னு நெனச்சுக்கங்கக்கா, அழுகை தானா வரும்" என்றார். அக்கா அவிழ்த்துவிட்டிருந்த தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டார்.

"அவ உசுரோட இருக்கா. உசுரோட இருக்கிறவளுக்கு நான் ஒப்பாரி வைக்க மாட்டேன்."

"உங்க ஜனங்களுக்காகத்தானேக்கா படமே எடுக்கறோம்."

"அப்ப ஒருத்தியாவது பொழச்சு வர்ற மாதிரி எடு தம்பி."

கேமரா ஓடியது. அக்கா வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து நாங்களும் மூடிக்கொண்டோம். கத்தினார்கள், கெஞ்சினார்கள், வெளிச்சம் போனதும் மூட்டை கட்டினார்கள்.

படம் வந்ததும் கூடலூருக்குப் போய்ப் பார்த்தோம். எங்கள் காட்சியில் ஒப்பாரி தியேட்டரையே அதிரவைத்தது. யாருடைய குரலையோ சேர்த்திருந்தார்கள். திரையில் எங்கள் வாய்கள் மூடியபடியே இருந்தன. முன் வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். வன்னியில் ஆட்கள் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர்களுக்காக இங்கே அழுது முடித்துவிட்டு பஸ் ஏறிவிடலாம். அந்த வசதிக்குத்தான் இந்தப் படங்கள் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அக்கா எழுந்து நின்று, "அது நாங்க இல்ல!" என்று கத்தினார். "ஏனுங்க, உக்காருங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் உட்காரவில்லை.

சண்டை முடிந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. தங்கையைப் பற்றித் தகவல் இல்லை. அந்தப் படம் மட்டும் டிவியில் வந்துகொண்டேயிருக்கிறது. போன மாதம் சொந்தக்காரர்கள் வந்து, தங்கையின் போட்டோவுக்கு மாலை போட்டுக் காரியத்தை முடித்துவிடலாம் என்று இதமாகத்தான் சொன்னார்கள். அக்கா அவர்களுக்கு டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "காசு தர்றேன்னவனுக்கே ஒப்பாரி வைக்கல. உங்களுக்கு வைப்பேனா?"