இரண்டு பலகை சேரும் இடம்

சட்டைப் பையில் குத்தியிருக்கும் இந்தக் கதிர்வீச்சு அட்டையைக் கழற்றும்போதெல்லாம் எங்கள் டெக்னீஷியன் ஞாபகம் வருகிறது. தீப்பெட்டி அளவுதான். போட்டிருப்பவர் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பது அதில் பதிவாகும்; சில மாதங்களுக்கு ஒருமுறை அனுப்பிப் படித்து வாங்குவோம்.

அடையாற்றில் எங்கள் சிறிய நிறுவனம், விண்வெளி நிலையத்தில் வீரர்கள் உறங்கும் அறைக்குக் கவசப் பலகைகள் செய்தது. கதிரைத் தடுக்க நமக்கு மேலே அவ்வளவு காற்று இருக்கிறது. அவர்களுக்கு இந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகைதான். சோதனைப் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு பலகையின் நடுவிலும் ஓர் அளவுக்கருவி வைத்து, எதிர்ப்புறமிருந்து கதிரைச் செலுத்துவோம். டெக்னீஷியன் பட்டினப்பாக்கத்துக்காரர், என் வயதுதான். "ஷீட்டு ஒழுவாது சார், ரெண்டு ஷீட்டு சேர்ற எடம்தான் ஒழுவும். எங்க வூட்ல மழைக்கு மழை பாக்கறேன். அந்த இடுக்குல ஒண்ணு வெச்சிப் பாக்கலாமே" என்றார். மறுநாள் அறிக்கை போயாக வேண்டும். "உங்கள் வீட்டுக் கூரையும் இதுவும் ஒன்றா?" என்று கேட்டேன். என்ன திமிர் எனக்கு!

பலகை தேறியது. பிறகு அவருடைய அட்டையில் பயப்படும் அளவுக்குக் கதிர் பதிவாகி வந்தது. ஆளை வேலையிலிருந்து நிறுத்தி, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பப் பார்த்தார்கள். கதிர் செலுத்தும் அறைக்குள் தவறுதலாகப் போய்விட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் சில மாதம் மேஜை வேலையோடு போயிருக்கும். பலகையும் அப்படியே மேலே போயிருக்கும்.

"எனக்கு ஒண்ணும் ஆவல சார். என் பேட்ஜைத்தான் அந்த இடுக்குல சொருவி வெச்சேன். ஓட்டை கீது" என்றார் விசாரணையில்.

"முன்கூட்டியே யாரிடமாவது சொன்னீர்களா?" என்று மேலாளர் கேட்டார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். டெக்னீஷியன் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லல சார்."

நான் வாயைத் திறக்கவில்லை. சொந்த அட்டையை அப்படி வைப்பது பெரிய குற்றம். ஒப்பந்த வேலை, அந்த வாரமே போயிற்று.

இப்போது பலகைகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இடுக்கிலும் கருவி வைக்க வேண்டும் என்பது விதி; விதியின் கீழே என் பெயர் இருக்கிறது.

போன மாதம் மந்தைவெளி ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஏ.சி. ரிப்பேர் வேலையாம்.

"இன்னா சார், இடுக்குல வெச்சிப் பாக்கறீங்களா?"

"வைக்கிறோம்" என்றேன்.

"அப்ப சரி" என்று சிரித்தார். அவர் கண் என் சட்டைப் பையில் இருந்தது. அட்டையை ஆபீசில் கழற்றி வைக்க மறந்து வந்திருந்தேன். ரயில் வந்தது, அவர் ஏறிப் போனார். 'என்னிடம் சொன்னார்' என்று அன்று சொல்லாததற்கு இன்றாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதையும் நான் கேட்கவில்லை.