ஒட்டியதாகக் கணக்கிட்ட மூடி

எந்த இரும்புச் சாமான் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கொடுப்பது, திருப்பதியில் எங்கள் சின்ன அலுவலகத்தின் வேலை. ஒருமுறை நகரிச் சாயப்பட்டறை ஒன்றுக்காக, நீராவியில் நூலுக்குச் சாயமேற்றும் பாத்திரத்தின் மூடி கணக்குக்கு வந்தது. அங்கே மூடியைத் திறந்து மூடப்போகிறவர், எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணின் அப்பா. அவள் முதல் நாளே அதைச் சொல்லியிருந்தாள். நான் தலையாட்டியதோடு சரி.

மூடியும் பாத்திரமும் தொடும் இடத்தைக் கம்ப்யூட்டருக்கு இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒட்டிவிட்டதாகச் சொன்னால் கணக்கு மளமளவென்று முடியும். தொட்டால் தள்ளும், தேவைப்பட்டால் விலகும் என்று விட்டால் பாதியில் நின்று கழுத்தறுக்கும். நான் ஒட்டிவிட்டேன். அனுபவம் கொடுத்த திமிர்.

முடிவைப் பார்த்த அவள், "சார், போல்ட்டுக்கு நடுவுல ரெண்டும் ஒன்னையொன்னு இழுத்துக்கினு இருக்குது. ஒட்டாத இரும்பு எப்படி சார் இழுக்கும்?" என்றாள்.

"சின்ன நம்பர்மா, விடு" என்று எரிந்து விழுந்தேன். கையெழுத்தும் போட்டேன்.

மூடியைச் செய்த வடமாலபேட்டைப் பட்டறையில் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும் நாளில், வீட்டிலிருந்து பருத்தி நூல் கொண்டுவந்திருந்தாள். விசைத்தறிக் குடும்பத்துப் பெண், நூலைத்தான் நம்புவாள் போலிருக்கிறது. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கு வெளியே, மூடியின் விளிம்பில் அங்கங்கே நூலை வைத்து, நுனிகள் தொங்க, போல்ட்டுகளை முடுக்கச் சொன்னாள். நுனிகளை இழுத்தோம், ஒரு நூலும் அசையவில்லை. அழுத்தம் ஏறியது.

"இப்ப நீங்களே இழுத்துப் பாருங்க சார்."

போல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த நூல் வரவில்லை. இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இருந்தது வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. மூடி அங்கே விலகியிருந்தது. தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்பதால் மற்றவர்களுக்குப் புரியவில்லை. நாளைக்கு ரப்பர் சூட்டில் தளர்ந்தால் நீராவி அந்த வழியாகத்தான் சீறும்.

அறிக்கையைத் திரும்ப வாங்கினேன். விலக விட்டுப் போடும் கணக்கை அவளே எடுத்துக்கொண்டாள். நான்கு தடவை பாதியில் நின்றது. நானாக இருந்தால் மவுஸைத் தூக்கி எறிந்திருப்பேன். அவள் அழுத்தத்தை இன்னும் சின்னச் சின்னப் படிகளாக ஏற்றினாள். ஐந்தாவது தடவை, நூல் வந்த அதே இடங்களில் திரையில் இடைவெளி திறந்தது. அவ்வளவு அழகான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. மூடியைத் தடிமனாக்கி, போல்ட்டுகளைக் கூட்டி, புது அறிக்கை எழுதினோம்.

கையெழுத்துப் போடும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "மூடிகிட்ட நிக்கிறது உங்க அப்பாவா இல்லாட்டி இவ்வளவு பாத்திருப்பியா?"

"எங்க நைனா ஒரு ஷிப்ட்டுதான் சார். மீதி நேரம் வேற ஆளுங்க நிக்கிறாங்க இல்ல?"

அவர்கள் யார் யார் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு கையெழுத்துக்கு முன்னால் நான் அதைக் கேட்டது அன்றுதான்.