ஐந்தாம் ஆண்டுக்காரிக்குக் கோழிக்குஞ்சுக் கணக்கு

அம்மா இறந்தபோது வீடு முழுக்கச் சொந்தக்காரப் பிள்ளைகள். பெரியவர்களுக்கு அழ வேண்டும், சமைக்க வேண்டும், வருகிறவர்களுக்கு நாற்காலி போட வேண்டும். சின்னதுகள் சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று யாரோ அம்மாவின் கைப்பேசியை எடுத்து அவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். கருமாதி முடியும்வரை அது கைமாறிக்கொண்டே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

தங்கச்சியின் பள்ளிக் கணித இணையத்தளம் அந்தக் கைப்பேசியில்தான் இருந்தது. செர்டாங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் அவள் ஐந்தாம் ஆண்டு. பிள்ளை சரியாகப் பதில் சொன்னால் அந்தத் தளம் அடுத்துக் கஷ்டமான கேள்வி கொடுக்கும், தப்பாகச் சொன்னால் சுலபமானது கொடுக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாடம். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தப்பாகச் செய்தால் திட்டாது. ரொட்டியை வெட்டிக் காட்டி மறுபடியும் சொல்லிக் கொடுக்கும். நான் இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டோடு படிப்பை நிறுத்தியவள். பின்னம் என்றால் என்னவென்று தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து அதில் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது.

ஆனால் சாவு வீட்டில் அதைத் தட்டியது யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? சரியானால் முயல் குதிக்கும், நட்சத்திரம் விழும். பாலர் பள்ளிக்குப் போகும் மாமா மகன் முயலுக்காக விரல் பட்ட இடத்தில் எல்லாம் அமுக்கியிருக்கிறான்.

பள்ளிக்குத் திரும்புவதற்கு முதல் நாள் தங்கச்சி அதைத் திறந்தாள்.

"அக்கா, இங்க பாரேன். கோழிக்குஞ்சு எத்தனைனு கேக்குது."

உன் நிலைக்கு ஏற்ற பாடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பூப்போட்டு எழுதி வேறு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்து பையை வீசினாள். டீச்சர் அந்தத் தளம் தரும் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் பிள்ளைகளை மேசைமேசையாக உட்கார வைப்பார். இவளைக் கடைசி மேசையில் போட்டுவிட்டார். கணிதப் போட்டிக்கு ஆள் எடுப்பது முன் மேசையிலிருந்து. அதற்காக இவள் எத்தனையோ மாதமாகச் செய்துகொண்டிருந்தாள்.

"அம்மா போனதும் என் மூளையும் போச்சாம். பக்கத்துல இருக்கறவன் சொல்றான். நெஜமாக்கா?"

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நாள் காலையிலேயே கூலிமில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் அரை நாள் லீவு கேட்டேன். "மறுபடியும் லீவா?" என்று சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டேன். ஓய்வு நேரம். டீச்சர் வகுப்பில் இருந்தார்.

"டீச்சர், அது அவ செஞ்சதில்ல. சாவு வீட்டுல பொடிசுங்க அமுக்கிருச்சுங்க."

"புரியுதும்மா. ஆனா லெவல நான் மாத்த முடியாது. சிஸ்டம்தான் போடுது. கீழேருந்து ஒவ்வொண்ணா செஞ்சு மேல வரணும்."

"அதுக்குள்ள போட்டிக்கு ஆள் எடுத்துருவீங்களே!"

"கொஞ்சம் சபார்லா, பொறுமையா இரும்மா. இது வந்தப்புறம்தான் எந்தப் பிள்ளைக்கு எது வரலைனு எனக்கு ஒடனே தெரியுது. கடைசி மேசைல ரெண்டு பேரு இதுலதான் வாய்ப்பாடே படிச்சாங்க."

இருக்கலாம். அந்த ரெண்டு பேருக்கு நல்லதுதான். ஆனால் எனக்குக் கேட்கும் நிலை இல்லை.

"அம்மா செத்துட்டாங்கனு அதுக்கிட்ட சொல்ல எங்கயாச்சும் பட்டன் இருக்கா டீச்சர்? இருந்தா காட்டுங்க, நானே அமுக்கறேன்!"

கத்திவிட்டேன். கத்தியதோடு நிற்கவில்லை, அழுதும் விட்டேன். சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் வெள்ளைப் பலகையைத் துடைத்துப் பின்னக் கணக்கு ஒன்றை எழுதி, தங்கச்சியைக் கூப்பிட்டார். அவள் செய்தாள். இன்னொன்று, அதையும் செய்தாள். அடுத்ததில் தப்பு விட்டாள். உள்ளங்கையால் அழித்துவிட்டு, யாரும் சொல்லாமலே திருத்தினாள்.

"பைய எடுத்துக்கிட்டு முன்னால வா. போட்டிக்கு நீயும் வர்ற."

"ரிப்போர்ட்ல கீழதானே இருக்கு டீச்சர்?" தங்கச்சிதான் கேட்டாள்.

"யாராச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

இதற்கு எவ்வளவு நேரம் ஆனது? ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. தங்கச்சி திரும்பி வந்த அன்றே டீச்சர் இதைச் செய்திருக்கக் கூடாதா? வாய்வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன்.

தங்கச்சி முன் மேசைக்குப் போனதும், கடைசி மேசையிலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள். சட்டைக் காலர் கிழிந்திருந்தது.

"டீச்சர், எனக்கும் போர்ட்ல ஒண்ணு குடுங்க."

"எனக்கும்!" என்றான் பக்கத்திலிருந்த பையன்.

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், எல்லாம் உன்னால்தான் என்பதுபோல. மார்க்கர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மூடியைத் திறந்தார்.

எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பெண் சரியாகச் செய்தாளா என்று பார்க்காமலே கிளம்பினேன்.